இடது கைத் தழும்பு

என் அம்மாவுக்கும் சித்திக்கும் ஒன்றரை வயதுதான் வித்தியாசம். திருவள்ளூர்ப் பக்கம் ஒரு சிற்றூரில் பிறந்து வளர்ந்தவர்கள். அம்மாவுக்குப் பத்து வயது நடந்தபோது ஊருக்குள் ஒரு ஜீப் வந்தது. வந்தவர்கள் வீடு வீடாகப் போய், கைக்குழந்தை முதல் கிழவர் வரை ஒருவர் விடாமல் பெயர் எழுதினார்கள். பிறகு மேசை போட்டு உட்கார்ந்து எல்லோருக்கும் ஊசி போட்டார்கள். அக்காவும் தங்கையும் ஒரே வரிசையில் முன்னும் பின்னுமாக நின்று கையை நீட்டினார்கள். மூன்று வாரத்தில் சித்திக்கு ஊசி போட்ட இடம் சிவந்து புடைத்தது. பிறகு பழுத்து, உடைந்து, மெல்ல ஆறித் தழும்பானது. அம்மாவுக்கு ஒன்றுமே வரவில்லை. "அவளுக்கு மருந்து ஊசி, எனக்குத் தண்ணி ஊசி" என்று அம்மா இன்றைக்கும் சொல்வார். ஏதோ பங்கு பிரித்ததில் தனக்குக் குறைத்துவிட்டார்கள் என்பது போல ஒரு குரல் அது.

நுண்ணுயிரியல் படிக்கப் போன பிறகுதான் அம்மாவின் குறை வெறும் குறையில்லை என்று எனக்குப் புரிந்தது. அந்த ஜீப், காசநோய்த் தடுப்பூசியான பி.சி.ஜி.யைப் பற்றி உலகத்திலேயே மிகப் பெரிய அளவில் நடந்த ஆய்வின் ஜீப். வரிசையில் நின்றவர்களில் ஒரு பகுதியினருக்கு உண்மையிலேயே மருந்தில்லாத ஊசிதான் போடப்பட்டது. யாருக்கு எது என்று போட்டவருக்கும் தெரியாது, போட்டுக்கொண்டவருக்கும் தெரியாது.

சென்னை சேத்துப்பட்டில் ஸ்பர் டேங்க் சாலையோரம் 1956-இல் தொடங்கிய காசநோய் மையத்துக்கு 2026-இல் எழுபது ஆண்டு நிறைகிறது. அதை ஒட்டிய இந்த மலருக்கு எழுதக் கேட்டபோது, கட்டடங்களையும் இயக்குநர்களையும் வரிசைப்படுத்த எனக்கு மனம் வரவில்லை. அந்த ஊசியின் கதையைத்தான் சொல்லத் தோன்றியது. காசநோய்க்கென்று வந்து, இந்த மண்ணில் பெரிய ஏமாற்றம் தந்த ஊசி அது. அதே ஊசிதான் இன்று அழற்சி, ஒவ்வாமை, அடிக்கடி வரும் தொற்று என்று வேறு வாசல்களைத் தட்டிக்கொண்டிருக்கிறது. அந்தக் கதையின் நடுப்பகுதியில் இந்த நிறுவனம் நிற்கிறது.

முதலில் மையம் பிறந்த விதத்தைச் சொல்ல வேண்டும். 1950-களில் காசநோய் என்றால் சானடோரியம் என்பதுதான் எல்லோருக்கும் தெரிந்த வைத்தியம். தாம்பரத்தில் டாக்டர் டேவிட் சௌரி முத்து 1928-இல் தொடங்கியது இன்றும் ரயில் நிலையத்தின் பெயராக நிற்கிறது. நல்ல காற்று, நல்ல சாப்பாடு, மாதக்கணக்கில் படுக்கை. நாட்டில் இருந்த நோயாளிகளுக்கு இருந்த படுக்கைகளோ யானைப் பசிக்குச் சோளப்பொரி. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.), சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து 'காசநோய் வேதிச் சிகிச்சை மையம்' என்ற பெயரில் இதைத் தொடங்கின. முதல் தலைவர் வாலஸ் ஃபாக்ஸ். முதல் கேள்வி நேரடியானது: மாத்திரை கிடைக்கும்போது, நோயாளியை வீட்டிலேயே வைத்துப் பார்க்க முடியாதா?

193 நோயாளிகளைச் சீட்டுக் குலுக்குவது போல இரண்டாகப் பிரித்தார்கள். பாதிப்பேர் சானடோரியத்துக்கு, பாதிப்பேர் சென்னையின் நெருக்கடியான குடியிருப்புகளில் இருந்த தங்கள் வீடுகளுக்கு. இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம்: ஐசோநியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். வீட்டில் இருப்பவர்கள் மாத்திரையை ஒழுங்காக விழுங்குகிறார்களா என்று பார்க்க, சொல்லாமல் கொள்ளாமல் வாசலில் போய் நின்று மிச்ச மாத்திரையை எண்ணினார்கள், சிறுநீரைப் பரிசோதித்தார்கள். 1959-இல் முடிவு வெளியானது. நல்ல சாப்பாடும் ஓய்வும் இல்லாத வீட்டு நோயாளிகளும் ஏறக்குறைய அதே அளவுக்குக் குணமானார்கள். ஐந்தாண்டு தொடர்ந்து பார்த்ததில், கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கு அதனால் நோய் அதிகம் பரவவும் இல்லை. உலகெங்கும் சானடோரியங்கள் மெல்ல மூடப்பட்டதற்கு இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம்.

நான் இதை இங்கே சொல்வது பெருமைக்காக மட்டும் இல்லை. கேள்வியைச் சரியாக வைப்பது, ஒப்பிட ஒரு குழுவை வைப்பது, ஆளை விடாமல் பின்தொடர்வது என்ற மூன்று பழக்கமும் முதல் நாளிலேயே இங்கே வந்துவிட்டன. பி.சி.ஜி. கதைக்கு அவை தேவைப்பட்டன.

பி.சி.ஜி. பிறந்தது பிரான்ஸின் லீல் நகரத்தில். கால்மெத், கேரன் என்ற இருவர் 1908 முதல் 13 ஆண்டு, மாட்டுக் காசநோய்க் கிருமியைப் பித்தநீரும் கிளிசரினும் கலந்த உருளைக்கிழங்குத் துண்டின் மீது திரும்பத் திரும்ப வளர்த்தார்கள். சுமார் 230 தடவை மாற்றி நட்ட பிறகு, கிருமி உயிரோடு இருந்தது, கொல்லும் குணத்தை இழந்திருந்தது. 1921-இல் பாரிஸில் ஒரு குழந்தைக்கு வாய்வழியாக முதன்முதலில் கொடுத்தார்கள். 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில் தடுப்பு மருந்தோடு வீரியமுள்ள காசநோய்க் கிருமி கலந்துபோய் 72 குழந்தைகள் இறந்தனர். பி.சி.ஜி.யின் மீது விழுந்த அந்த நிழல் நீங்க வெகுகாலம் பிடித்தது.

நம் பக்கம் பி.சி.ஜி. வந்தது சுதந்திரம் வந்த கையோடு. 1899 முதல் அம்மை ஊசி தயாரிப்பிலும் நோய்த்தடுப்பிலும் பேர்பெற்ற கிண்டி கிங் நிலைய வளாகத்தில், 1948-இல் பி.சி.ஜி. தயாரிக்கும் ஆய்வகம் அமைந்தது. ஆந்திரத்து மதனப்பள்ளியில் ஊசி போடும் வேலை முன்னோட்டமாகத் தொடங்கியது. 1951-இல் அது நாடு தழுவிய இயக்கமானது. உடனே எதிர்ப்பும் கிளம்பியது. எதிர்த்தவர்களில் முதன்மையானவர் ராஜாஜி. முதலமைச்சர் பதவியை விட்டு வந்த பிறகு, 1955-இல், 'பி.சி.ஜி.யை நான் ஏன் எதிர்க்கிறேன்' என்ற பொருளில் ஒரு சிறுநூலே எழுதினார். உயிருள்ள கிருமியை லட்சக்கணக்கான குழந்தைகளுக்குள் ஏன் செலுத்துகிறீர்கள், பலன் இருப்பதற்கு இந்த நாட்டில் என்ன சான்று என்பது அவர் கேள்வி. மத்திய சுகாதார அமைச்சர் ராஜகுமாரி அம்ரித் கௌர் இயக்கத்தின் பக்கம் உறுதியாக நின்றார். நான் தடுப்பூசியை நம்புகிறவன். ராஜாஜியின் முடிவோடு எனக்கு உடன்பாடில்லை. ஆனால் "இந்த நாட்டில் சான்று எங்கே" என்று அவர் கேட்டது நியாயமான கேள்வி. பிரிட்டனில் பள்ளிப் பிள்ளைகளிடம் பி.சி.ஜி. சுமார் 80 சதவீதம் பாதுகாப்பு தந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் ஏறக்குறைய ஒன்றும் தரவில்லை. திருவள்ளூரில் என்ன தரும் என்று யாருக்குத் தெரியும்?

அதைத் தெரிந்துகொள்ளத்தான் 1968-இல் அந்த ஜீப் கிளம்பியது. அன்றைய செங்கற்பட்டு மாவட்டத்தில், திருவள்ளூரைச் சுற்றிய ஊர்களில், 1971 வரை சுமார் 2,60,000 பேருக்கு ஊசி போட்டார்கள். பாரிஸ் வகை, டென்மார்க் வகை என இரண்டு வகை பி.சி.ஜி.; ஒவ்வொன்றிலும் முழு அளவும் பத்தில் ஒரு பங்கு அளவும்; கூடவே மருந்தில்லா ஊசி. ஐ.சி.எம்.ஆரும் உலக சுகாதார நிறுவனமும் அமெரிக்கப் பொதுச் சுகாதாரத் துறையும் சேர்ந்து நடத்திய ஆய்வு. பின்னாளில் அந்த ஆய்வுக்கான அமைப்பு இந்த மையத்தோடு இணைந்தது.

ஊசி போட்டதோடு வேலை முடியவில்லை. ஊர் ஊராக எக்ஸ்ரே, சளி சேகரிப்பு, கண்ணாடிக் குழாயில் பச்சை நிற முட்டை ஊடகத்தின் மேல் வாரக்கணக்கில் காத்திருந்து கிருமி வளர்கிறதா என்று பார்ப்பது என்று வருடங்கள் ஓடின. ஏழரை ஆண்டு முடிந்து முதல் அறிக்கை 1979-இல் வந்தது. பெரியவர்களுக்கு வரும், சளியில் கிருமி காட்டும் நுரையீரல் காசநோயை பி.சி.ஜி. தடுக்கவில்லை. எந்த வகையும் தடுக்கவில்லை, எந்த அளவும் தடுக்கவில்லை. பதினைந்து ஆண்டு முடிவும் அதையே சொன்னது.

தங்கள் கையால் இத்தனை லட்சம் ஊசி போட்டவர்கள், தங்கள் வாயால் அந்த வாக்கியத்தை எழுத வேண்டியிருந்தது. அதில் ஒரு எழுத்தையும் மழுப்பவில்லை என்பதை நான் இந்த நிறுவன வரலாற்றின் மிக உயர்ந்த இடமாக நினைக்கிறேன். பச்சிளங்குழந்தைகளை மூளைக்காய்ச்சல் வகைக் காசநோயிலிருந்து பி.சி.ஜி. காக்கிறது என்பது வேறு ஆய்வுகளில் உறுதியானதால், பிறந்த குழந்தைக்குப் போடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது.

ஏன் தடுக்கவில்லை என்பதற்கு ஒரு விளக்கம் அப்போதே வந்தது. நம் வயலிலும் குளத்திலும் கிணற்றிலும் காசநோய்க் கிருமியின் ஒன்றுவிட்ட உறவுகள் ஏராளம். சேற்றில் நடவு நட்டு, வாய்க்காலில் குளித்து வளரும் பிள்ளையின் உடல் அவற்றை ஏற்கெனவே சந்தித்திருக்கும், அதன்பின் பி.சி.ஜி. சொல்லிக்கொடுக்கப் புதிதாக ஒன்றும் மிச்சமிருக்காது. இந்த விளக்கத்தை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்ப வருகிறேன்.

காசநோயைத் தடுக்கிறதா என்று எல்லோரும் கேட்டுக்கொண்டிருந்த காலத்திலேயே, வேறொன்றைக் கவனித்தவர்கள் சிலர் இருந்தார்கள். வடக்கு ஸ்வீடனில் கார்ல் நெஸ்லுண்ட் என்ற மருத்துவர், பி.சி.ஜி. போட்ட குழந்தைகள் முதல் வருடத்தில் குறைவாக இறப்பதை 1932-இலேயே எழுதினார். காசநோயால் இறப்பது குறைந்தது என்று மட்டும் அதை விளக்க முடியவில்லை. அந்த வயதில் காசநோயால் இறப்பவர்களே சொற்பம். மேற்கு ஆப்பிரிக்காவின் கினி-பிசாவில் 1978 முதல் தங்கி வேலை செய்த டென்மார்க்கின் பீட்டர் ஆபி குழுவும் அதையே கண்டது. எடை குறைந்து பிறந்த குழந்தைகளுக்குப் பிறந்தவுடனே பி.சி.ஜி. போட்டதில், முதல் மாத இறப்பு மூன்றில் ஒரு பங்குக்கு மேல் குறைந்தது. ஊசி போட்டவர்களிலும், தழும்பு விழுந்த பிள்ளைகள் தழும்பு விழாத பிள்ளைகளைவிட அதிகம் பிழைத்தார்கள். கனடாவில் மொராலெஸ் என்ற சிறுநீரக அறுவை மருத்துவர் 1976-இல், சிறுநீர்ப்பைப் புற்றுநோயாளிகளின் பைக்குள்ளேயே பி.சி.ஜி.யைச் செலுத்தி, கட்டி திரும்ப வருவது குறைவதைக் காட்டினார். இன்றைக்கும் அது நடைமுறைச் சிகிச்சை. காசநோய்க்கும் சிறுநீர்ப்பைக் கட்டிக்கும் என்ன உறவு?

பதில், நம் பாடப்புத்தகங்கள் இரண்டாம் இடம் கொடுத்து வைத்திருந்த செல்களில் இருந்தது. எங்கள் தலைமுறைக்குச் சொல்லித்தந்த பாடம் இப்படி: நோயெதிர்ப்புக்கு இரண்டு படை. ஒன்று, டி செல், பி செல் என்னும் கற்கும் படை. ஒரு கிருமியைப் பார்த்தால் அதன் முகத்தை ஆயுளுக்கும் நினைவில் வைக்கும். இன்னொன்று, பிறவியிலேயே வரும் உள்ளார்ந்த படை. மோனோசைட், பெருவிழுங்கி, நியூட்ரோஃபில், கொலைசெல் என்று வாசலில் நிற்பவை. யார் வந்தாலும் ஒரே மாதிரிக் குரைக்கும், நாளைக்கு எதையும் நினைவு வைக்காது. நானே இருபது வருடம் இப்படித்தான் வகுப்பில் சொல்லிக்கொடுத்தேன்.

நெதர்லாந்தின் நைமேகன் நகரத்தில் மிஹாய் நேட்டியாவின் ஆய்வகம் அதை மாற்றியது. பி.சி.ஜி. போட்டுக்கொண்ட தன்னார்வலர்களின் ரத்தத்தை எடுத்து, செல்களைக் காசநோய்க் கிருமியோடு சேர்த்துப் பார்த்தார்கள். கூடவே, சம்பந்தமில்லாத கேண்டிடா என்னும் பூஞ்சையோடும் சேர்த்துப் பார்த்தார்கள். பூஞ்சைக்குப் பதில் கூடக் கூடாது. கூடியது. 2012-இல் வெளியான அந்தக் கட்டுரை, பி.சி.ஜி. போட்டு மூன்று மாதம் ஆன பிறகும் மோனோசைட்டுகள் அதிக விழிப்போடு இருப்பதைக் காட்டியது. முந்தைய ஆண்டே அவர்கள் இதற்கு 'பயிற்சி பெற்ற நோயெதிர்ப்பு' என்று பெயர் வைத்திருந்தார்கள்.

உள்ளே நடப்பதைத் தையற்காரரின் நூற்கண்டை வைத்துச் சொல்லலாம். நம் மரபணு நூல், ஹிஸ்டோன் என்னும் புரதக் கண்டுகளில் இறுகச் சுற்றிக் கிடக்கிறது. இறுகியிருக்கும் இடத்தைச் செல் வாசிக்க முடியாது. பி.சி.ஜி. வந்துபோன மோனோசைட்டில், அழற்சியைத் தொடங்கிவைக்கும் மரபணுக்கள் இருக்கும் இடத்தில் கண்டில் சிறு வேதி அடையாளங்கள் விழுகின்றன. நூல் அங்கே தளர்கிறது. நூலில் எழுதியிருப்பது ஒரு எழுத்தும் மாறவில்லை. அடுத்த முறை எந்தக் கிருமி வந்தாலும், அந்தப் பக்கத்தைத் தேடிப் புரட்ட வேண்டியதில்லை, திறந்தே கிடக்கும்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. மோனோசைட் ரத்தத்தில் சில நாள்தான் வாழும். சில நாள் வாழும் செல்லுக்கு மாதக்கணக்கில் நினைவு எப்படி? 2018-இல் எலிகளிடமும் 2020-இல் மனிதர்களிடமும் விடை கிடைத்தது: எலும்பு மஜ்ஜை. நாற்றங்காலிலேயே மாறுதல் நடந்துவிட்டால், அதிலிருந்து பிடுங்கி நடும் ஒவ்வொரு நாற்றிலும் அந்தக் குணம் இருக்கும். மஜ்ஜையில் உள்ள மூலச்செல்களையே பி.சி.ஜி. பழக்கிவிடுகிறது.

இனி சேத்துப்பட்டுக்கு வருகிறேன். 1978-இல் 'காசநோய் ஆராய்ச்சி மையம்' ஆகி, 2011-இல் 'தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம்' ஆன இடம் அது. 2020-இல் கோவிட் பரவியபோது, உலகம் முழுக்க பி.சி.ஜி. மீது மறுபடி கண் விழுந்தது. இந்த நிறுவனம் நகரின் தொற்று மிகுந்த பகுதிகளில் வாழ்ந்த 60 முதல் 80 வயது வரை உள்ளவர்களுக்கு பி.சி.ஜி. போட்டு ஆராய்ந்தது. பல நகரங்களில் நடந்த ஆய்வு அது. அதன் பகுதியாக, ஊசி போட்டவர்களின் ரத்தத்தைப் போடுவதற்கு முன்பும் ஒரு மாதம் கழித்தும் எடுத்து, போடாதவர்களுடையதோடு ஒப்பிட்டார்கள்.

அந்த ஊசியின் கைப்பக்குவத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். உறையுலர்த்திய மருந்து அடர்நிறக் கண்ணாடிக் குப்பியில் காற்றில்லாமல் அடைத்து வரும். நேரே உடைத்தால் காற்று சீறிப் புகுந்து தூள் பறந்துவிடும். அதனால் பாலித்தீன் தாளைச் சுற்றிக்கொண்டு உடைக்க வேண்டும். உப்புநீரில் கரைத்து, வெயில் படாமல் வைத்து, நாலு மணி நேரத்துக்குள் தீர்த்துவிட வேண்டும். இடது மேற்கையில், தோலுக்கு அடியில் போய்விடாமல் தோலுக்குள்ளேயே ஊசி முனை நிற்க வேண்டும். சரியாகப் போட்டால் ஆரஞ்சுத் தோல் போலச் சிறுகுழிகளோடு ஒரு வெள்ளைப் புடைப்பு எழும். முதியவரின் தோல் தளர்ந்து மெலிந்தது. அதில் இந்தப் புடைப்பை எழுப்ப நல்ல கை வேண்டும்.

2021-இல் வந்த முடிவு என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது. செல்கள் அதிக விழிப்படைந்தால் அழற்சியும் கூடும் என்றுதான் பலரும் பயந்தார்கள். முதியவர்கள் விஷயத்தில் அந்தப் பயம் நியாயமானது. வயதாக ஆக, கிருமி எதுவும் இல்லாமலே உடலில் அழற்சி அணையாத உமி போலப் புகைந்துகொண்டே இருக்கிறது. மூட்டு, ரத்தக்குழாய், மூளை எல்லாம் அந்தப் புகையில் கெடுகின்றன. ஆனால் சென்னையில் கண்டது நேர்மாறு: பி.சி.ஜி. போட்ட ஒரு மாதத்தில், அழற்சியைத் தூண்டும் சைட்டோகைன் என்னும் சமிக்ஞைப் புரதங்கள் பலவற்றின் அளவு முதியவர்களின் ரத்தத்தில் குறைந்திருந்தது. இன்னொரு கட்டுரையில், கிருமியின் அடையாளத்தை மற்றச் செல்களுக்கு எடுத்துக்காட்டும் கிளைச்செல்களின் விகிதம் கூடியிருந்ததைச் சொன்னார்கள். நெதர்லாந்தில் 303 ஆரோக்கியமானவர்களிடம் செய்த ஆய்வும், சும்மா இருக்கும்போது உள்ள அழற்சியை பி.சி.ஜி. தணிக்கிறது என்றும், அந்தத் தணிவு ஆண்களிடம் அதிகம் என்றும் கூறியது. அமைதிக் காலத்தில் அடங்கியிருப்பது, கிருமி வந்தால் சட்டென்று பாய்வது. நன்றாகப் பழக்கிய ஜல்லிக்கட்டுக் காளை வீட்டுக் கொட்டிலில் நிற்பதையும் வாடிவாசலில் நிற்பதையும் பார்த்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது.

நோய் உண்மையில் குறைந்ததா என்று கேட்டால், பதில் இரண்டு பக்கமும் இருக்கிறது. கிரேக்க நாட்டில் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பும் முதியவர்களுக்குப் போட்ட ஆய்வில், புதுத் தொற்று வந்தவர்கள் மருந்தில்லாக் குழுவில் 42.3 சதவீதம், பி.சி.ஜி. குழுவில் 25 சதவீதம். ஆனால் சுமார் 4,000 மருத்துவப் பணியாளர்களை வைத்து ஆஸ்திரேலியா தலைமையில் பல நாடுகளில் நடந்த பெரிய ஆய்வு, பி.சி.ஜி. கோவிடைக் குறைக்கவில்லை என்று 2023-இல் அறிவித்தது. இந்தியாவில் 2 கிலோவுக்கும் குறைந்த எடையுள்ள பச்சிளங்குழந்தைகளிடம் ரஷ்ய வகை பி.சி.ஜி.யைப் பரிசோதித்தபோது, கினி-பிசாவில் கண்ட இறப்புக் குறைவு இங்கே காணப்படவில்லை. வகை வேறு, இடம் வேறு, குழந்தைகள் வேறு. செங்கற்பட்டு முடிவை வாசித்துப் பழகியவர்களுக்கு இந்த வேறுபாடு அதிர்ச்சி தராது. ஓரிடத்துப் பலனை இன்னோரிடத்துக்கு அப்படியே தூக்கி வர முடியாது என்பதை இந்த மாவட்டம்தான் உலகத்துக்கு அழுத்தமாகக் கற்பித்தது.

ஒவ்வாமைக்கு வருவோம். அமெரிக்காவில் ஆமிஷ், ஹட்டரைட் என்று இரண்டு விவசாயச் சமூகங்கள். பூர்வீகமும் உணவும் ஏறக்குறைய ஒன்று. ஆமிஷ் பிள்ளைகள் வீட்டுக்குப் பக்கத்திலேயே உள்ள மாட்டுத்தொழுவத்தில் விளையாடி வளர்கிறார்கள். ஹட்டரைட் பண்ணைகள் இயந்திரமயமானவை, தொழுவம் வீட்டிலிருந்து தள்ளியிருக்கிறது. ஆஸ்துமா ஆமிஷ் பிள்ளைகளிடம் மிகக் குறைவு. ஒவ்வொரு பக்கமும் 30 பிள்ளைகளை எடுத்து 2016-இல் ஆராய்ந்தபோது, வித்தியாசம் அவர்களுடைய உள்ளார்ந்த செல்களில்தான் தெரிந்தது. ஆமிஷ் வீட்டுத் தூசியை எலிகளின் மூக்கில் விட்டால் அவற்றுக்கும் ஆஸ்துமா குறைந்தது. உள்ளார்ந்த நோயெதிர்ப்பின் சமிக்ஞைப் பாதையை எலிகளில் நீக்கிவிட்டால் அந்தப் பலனும் போய்விட்டது. இதைப் படித்த அன்று எனக்குச் செங்கற்பட்டின் பழைய விளக்கம் நினைவுக்கு வந்தது. சேறும் வாய்க்காலும் தொழுவமும் பி.சி.ஜி.க்கு முன்பே வந்து பாடம் நடத்திவிட்டன என்றால், தண்ணீர் ஊசி போட்டுக்கொண்ட என் அம்மாவின் மோனோசைட்டுகளும் பயிற்சி இல்லாதவை என்று சொல்ல முடியாது.

பிறந்த குழந்தைக்கு பி.சி.ஜி. போட்டால் கரப்பான் குறையுமா என்று டென்மார்க்கிலும் மெல்போர்னிலும் பார்த்தார்கள். எல்லாக் குழந்தைகளையும் சேர்த்துப் பார்த்தால் பெரிய பலன் இல்லை. பெற்றோருக்கு ஒவ்வாமை உள்ள பிள்ளைகளிடம் ஓரளவு குறைந்தது. அடிக்கடி சளி, இருமல், இழுப்பு வரும் பிள்ளைகளுக்கு வேறொரு வழி தெளிவாகத் திறந்திருக்கிறது. செத்த பாக்டீரியாக்களை, அல்லது அவற்றை உடைத்த துகள்களை, மாத்திரையாகவோ நாக்குக்கடியில் தெளிக்கும் மருந்தாகவோ கொடுப்பது. ஐரோப்பாவில் நெடுங்காலமாகப் புழங்கும் ஓ.எம்.-85 என்ற மருந்தில் 8 இன பாக்டீரியாக்களின் 21 வகைகள் உடைத்துச் சேர்க்கப்பட்டிருக்கின்றன. எம்.வி.130 என்ற நாவடி மருந்தை ஸ்பெயினில் மூன்று வயதுக்குட்பட்ட 120 குழந்தைகளுக்குக் கொடுத்துப் பார்த்தார்கள். வருடத்துக்கு மருந்தில்லாக் குழுவில் ஐந்து தடவை வந்த இழுப்பு, மருந்துக் குழுவில் மூன்று தடவைதான் வந்தது. இரவு முழுக்கக் குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் தாய்க்கு அந்த இரண்டு இரவுகள் எவ்வளவு பெரியவை என்று என் போன்றவர்கள் புள்ளிவிவரத்தில் எழுத முடியாது.

இந்த இடத்தில் ஒரு எச்சரிக்கையைச் சொல்லியே ஆக வேண்டும். பழக்குவது நல்லதற்கும் நடக்கும், கெட்டதற்கும் நடக்கும். கொழுப்பும் சர்க்கரையும் மிகுந்த உணவும் எலிகளின் மஜ்ஜைச் செல்களைப் பழக்குகிறது. அப்படிப் பழகிய செல்கள் ரத்தக்குழாய்ச் சுவரில் போய் அழற்சியை வளர்க்கின்றன என்பதற்கும் சான்றுகள் வருகின்றன. பி.சி.ஜி. உயிருள்ள கிருமி, நோயெதிர்ப்பு குன்றியவருக்கு அது ஆபத்து. ஒவ்வாமைக்கு என்று யாரும் தாமாகப் போய்ப் போட்டுக்கொள்ளும் ஊசியாக அது இன்னும் ஆகவில்லை.

மலருக்கு எழுதுகிறவர்கள் வாழ்த்தோடு முடிப்பது வழக்கம். எனக்கு வாழ்த்தைவிட ஒரு வேண்டுகோள்தான் இருக்கிறது.

அமெரிக்காவில் 1935 முதல் 1938 வரை அமெரிக்கப் பழங்குடிப் பிள்ளைகள் சுமார் 3,000 பேருக்கு பி.சி.ஜி.யும் மருந்தில்லா ஊசியும் போட்டு ஒரு ஆய்வு நடந்தது. ஏறத்தாழ அறுபது ஆண்டு கழித்து அந்தப் பதிவேடுகளைத் திறந்து, அவர்களைத் தேடிப் போனார்கள். காசநோய்ப் பாதுகாப்பு அரை நூற்றாண்டுக்கு மேல் நின்றது தெரிந்தது. யாரும் எதிர்பாராத வகையில், பி.சி.ஜி. போட்டவர்களிடம் நுரையீரல் புற்றுநோயும் குறைந்திருந்தது 2019-இல் வெளிவந்தது. வெறும் 3,000 பேரிடமிருந்து இவ்வளவு.

நம்மிடம் இருந்தது 2,60,000 பேர். அன்று எட்டு வயதும் பத்து வயதுமாக வரிசையில் நின்ற பிள்ளைகள் இன்று அறுபதைத் தாண்டியவர்கள். சேத்துப்பட்டு நிறுவனம் 2020-இல் ஆராய்ந்த அதே வயதுக் கூட்டம். அவர்களில் யாருக்கு ஆஸ்துமா, யாருக்குச் சர்க்கரை, யாருக்கு மூட்டில் அழற்சி, யாருக்கு மழைக்காலம் தோறும் நிமோனியா என்று கேட்க இன்னும் நேரம் இருக்கிறது. ஆனால் அதிக நேரம் இல்லை. ஒவ்வொரு வருடமும் அந்த வரிசை குறுகுகிறது. உள்ளார்ந்த செல்களின் பயிற்சி ஒரு வருடம் நிற்பதைப் பார்த்துவிட்டார்கள். ஐம்பத்தைந்து வருடம் ஏதாவது மிஞ்சுமா என்று பார்க்க, இந்த ஊர்களை விட நல்ல இடம் உலகத்தில் கிடையாது. மருந்து ஊசியும் தண்ணீர் ஊசியும் குலுக்கிப் போடப்பட்ட மனிதர்கள் பக்கத்துப் பக்கத்து வீட்டில் வாழ்கிறார்கள். அக்காவும் தங்கையுமாகக்கூட வாழ்கிறார்கள்.

போன பொங்கலுக்கு இருவரும் எங்கள் வீட்டில் இருந்தபோது இதைச் சொன்னேன். சித்தி புடவைத் தலைப்பை நகர்த்தி, கையைத் திருப்பித் தழும்பைக் காட்டினார். வட்டமாக, நடுவில் சற்றே குழிந்து, சுற்றியுள்ள தோலைவிட வெளுத்திருந்தது. அம்மா அதை விரலால் தடவிப் பார்த்துவிட்டு, தன் கையையும் பக்கத்தில் நீட்டினார்.

"ஜீப் திரும்ப வந்தா சொல்லு" என்றார். "ரத்தம் எடுக்கத்தானே? எடுத்துக்கட்டும்."